அழுத்தலாம், தேய்க்கக் கூடாது

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வணிகக் கட்டடத்தின் நான்காவது மாடியில், மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர் ஒருவரின் பின்தலையிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் முடிகள் வேரோடு எடுக்கப்பட்டு அவருடைய முன்தலையில் நடப்பட்டன. காலையில் தொடங்கிய வேலை சாயங்காலம் முடிந்தது. அவருக்கு வயது ஐம்பது.

அவர் வேலை செய்யும் கடையில் திரும்பிய பக்கமெல்லாம் நிலைக்கண்ணாடி. வாடிக்கையாளர் ஒரு ஃபிரேமை மாட்டிக்கொண்டு முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கும்போது, அவர் தோளுக்குப் பின்னால் இவருடைய தலையும் அதே கண்ணாடியில் தெரியும். விளக்குகள் மேலிருந்து விழும்படி வைக்கப்பட்டிருந்ததால் முதலில் கண்ணில் படுவது வழுக்கைதான். அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவில்தான் அவர் இளைஞனாக வந்து சேர்ந்தார். முடி அடர்ந்திருந்தது, மெலிந்தது, போனது எல்லாவற்றையும் அவை தினமும் காட்டிவந்தன. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

முந்தைய வருஷக் கடைசியில் ஒரு நாள் அவருடைய மனைவி வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். ஃபிரேம் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பொண்ணா சார்? மூக்கு அப்படியே உங்க மூக்கு.”

அந்த அம்மாள் சங்கடப்படக் கூடாது என்று நினைத்தாரோ, வியாபாரம் கெட்டுவிடுமென்று நினைத்தாரோ, “ஆமாங்க” என்று சொல்லிவிட்டார்.

மனைவிக்கு அவரைவிட ஐந்து வயதுதான் குறைவு. ஆனால் அவளுக்குத் தலைமுடி கறுப்பாக, கனமாக இருந்தது. அதை ஒரு கொண்டையில் அடக்குவதே பெரும்பாடு. அவள் வாசல் வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய், வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே லென்ஸ் வெட்டும் அறையிலிருந்து ‘பவர்’ எட்டிப் பார்த்தார். பார்க்கிற எல்லோருக்கும் மனசுக்குள்ளேயே கண் பவர் கணக்குப் போடுவதால் அவருக்கு அந்தப் பெயர்.

“அண்ணே, இனிமே அண்ணி கடைக்கு வந்தா நான் என்னன்னு கூப்பிடறது? பாப்பான்னா?”

“வேலையப் பாருய்யா.”

“பாக்கறேன், பாக்கறேன். மாப்பிள்ளை எப்ப பாக்கப் போறீங்க?”

இரண்டு நாளைக்குக் கடை முழுவதும் இதே பேச்சு. மூன்றாம் நாள் அடங்கிவிட்டது. அவருக்குள் மட்டும் அடங்கவில்லை.

வீட்டில் அப்போது சண்டை ஏதும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பேச்சாவது இருந்திருக்கும். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து, இருவரும் பேசிக்கொள்வதற்கு மகனுடைய தொலைபேசி அழைப்பு தேவைப்பட்டது. “அப்பா மாத்திரை போட்டாராம்மா?” என்று அவன் கேட்பான். அவள் கூடத்தைப் பார்த்து, “மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறான்” என்பாள். அவர், “போட்டாச்சுன்னு சொல்லு” என்பார். மகன் வைத்துவிட்டால் வீட்டில் மின்விசிறி மட்டும் பேசும். குறட்டைக்காக அவர் கூடத்தில் கட்டில் போட்டுக்கொண்டு இரண்டு வருஷமாகியிருந்தது.

முடி நடப்போவதாக அவர் சொன்னபோது அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“எதுக்குங்க இதெல்லாம்? யாரு பாக்கப் போறா?”

“நான் பாக்கறேன்ல. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்.”

“சரி, உங்க இஷ்டம்” என்றாள். பிறகு, “நான் கூட வரணுமா?” என்று கேட்டாள். கூட யாராவது ஒருவர் வர வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்து அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தபோதுதான், கழுத்து வழியாகக் கழற்ற வேண்டிய பனியனைப் போட்டுக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. இரவில் அதைத் தலை வழியாக உருவினால் நட்டதெல்லாம் கூடவே வந்துவிடும். மனைவி, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை ஒன்று வாங்கக் கீழே ஓடினாள். அப்படியே மருந்துக்கடையிலும் நின்றாள். அந்த நேரத்தில்தான் விளக்கம் சொல்லும் பெண் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். எப்படிப் படுக்க வேண்டும், நெற்றி வீங்கினால் என்ன செய்ய வேண்டும், மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கும், நான்காவது மாதத்தில் என்ன நடக்கும் என்று எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். காலையில் கொடுத்த மாத்திரையின் மயக்கம் அவருக்கு இன்னும் தெளியவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். “தலைய ரொம்ப ஆட்டாதீங்க சார்” என்றுகூட அவள் சொன்னாள். அதற்கும் ஆட்டினார்.

மனைவி சட்டையோடு மேலே வந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். நர்ஸ் மட்டும் இருந்தாள். தலை கழுவுவது எப்படி என்று நர்ஸ் தன் முன்கையிலேயே நுரையை வைத்துக் காட்டினாள்.

“மூணாம் நாள்ல இருந்து தினமும் கழுவணும்க்கா. நுரைய மெதுவா வச்சு, கொஞ்ச நேரம் ஊற விடணும். கிண்ணத்துல தண்ணி எடுத்து ஊத்தணும். ஷவர் வேணாம். விரல் நுனியால அழுத்தலாம், தேய்க்கக் கூடாது.”

“பட்டுத் துணில கறை எடுக்கற மாதிரி.”

“அக்கா என்ன வேலை பாக்கறீங்க?”

“அதே வேலைதான்” என்றாள் மனைவி.

அவள் ஒரு சலவை நிலையத்தில் கறை எடுக்கும் மேசையில் வேலை பார்த்தாள். மை, மது, ரத்தம், எண்ணெய், உதட்டுச்சாயம் எல்லாம் அந்த மேசைக்கு வரும். துணிக்கு அடியில் வெள்ளைத் துணியை மடித்து வைத்து, மேலிருந்து மருந்தைத் தொட்டுத் தொட்டு, கறையைக் கீழே இறக்குவாள். அங்கேயும் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கறை பரவும், நூல் கிளம்பும். கல்யாண உடைகள் வந்தால் நிலையத்தின் மேலாளர் வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை. இத்தனை வருஷத்தில் அவள் மேசையிலிருந்து போன துணி ஒன்றுகூடப் புகாரோடு திரும்பி வந்ததில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் தெரியாதவர்கள் யாராவது ஈரக் கையோடு ஒரு துணியைத் தொட்டால் மட்டும் அவள் முகம் மாறும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலி போடப்பட்டது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, முழங்காலில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்தார். நெற்றி வீங்கி, கண்கள் பாதிதான் திறந்தன. நுரை வழிந்தால் எரியும் என்று அவற்றையும் மூடிக்கொண்டார். அவள் பின்னால் நின்றாள். முதலில் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கைகளைத் தட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. பிறகு நுரை வந்து உட்கார்ந்தது. விரல்கள் வந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மரத்துப்போயிருந்த தலைக்கு எதுவும் தெரியாது. காதுக்குப் பக்கத்தில் அவளுடைய உள்ளங்கை தாங்கலாகப் பட்டபோதுதான் தெரிந்தது. அந்தக் கை அவர் முகத்தைக் கடைசியாக எப்போது தொட்டது என்று யோசித்தார். நினைவு வரவில்லை.

நுரை ஊறுகிற நேரத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. அவர் பேச முடியாது. வாயைத் திறந்தால் நுரை போகும். பார்க்கவும் முடியாது. அதனால் அவள் பேச ஆரம்பித்தாள்.

முதல் நாள் யாரோ ஒரு வக்கீலின் கோட்டைப் பற்றிச் சொன்னாள். உள்பையில் பேனா உடைந்து, மை முதுகு வரைக்கும் பரவியிருந்ததாம். “அவரு வந்து நிக்கறாரு, கைய பின்னாடி கட்டிக்கிட்டு, கோர்ட்ல குத்தவாளி நிக்கற மாதிரி. நான்தான் ஜட்ஜு.” அவர் குனிந்தபடியே சிரித்தார். தோள் குலுங்கியது. “ஆடாதீங்க, தண்ணி காதுல போகும்.”

அடுத்த நாள் மகனைப் பற்றிச் சொன்னாள். அவன் போன பிறகு ஒரு வாரம், வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல், அவனை வழியனுப்பிய பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். வீட்டில் கேட்டபோது சலவை நிலையத்தில் வேலை அதிகம் என்று சொன்னது பொய். இன்னொரு நாள், கல்யாணமான மூன்றாவது வருஷத்தில் ஒரு மத்தியானம் துணிமணிகளைப் பையில் அடுக்கி வாசல் வரைக்கும் போய்விட்டதைச் சொன்னாள்.

“ஏன்னு கேக்காதீங்க. எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. நீங்க ஏதோ சொன்னீங்க. இல்ல, ஏதோ சொல்லல. வாசல்ல நின்னப்போ, அடுப்புல பால் வச்சது ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து அணைச்சேன். அப்புறம் காலு நகரல.”

“ஏன் அப்பவே...”

“பேசாதீங்க. வாயில நுரை போகும்.”

அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று அவள் சொன்னவை எல்லாம் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியாதவை. அவர் கண்ணை மூடியே கேட்டார். சொல்லி முடித்ததும் துண்டை எடுத்து அவள் ஒற்றி எடுப்பாள். விளக்கு அணையும். வெளியே வந்தால் இருவரும் பழையபடிதான். ஆனால் முற்றிலும் பழையபடி இல்லை. ஒரு நாள் அவள் கூடத்துக்கு வந்து, அவர் கட்டிலில் சாய்ந்து தூங்குவதற்காகத் தலையணைகளை அடுக்கிவிட்டு, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அவரோடு செய்தி பார்த்தாள்.

பத்து நாளைக்குப் பிறகு அவரே கழுவிக்கொள்ளலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இருவருக்கும் அது தெரியும். பதினொன்றாம் நாள் சாயங்காலம் அவர் முக்காலியைத் தானே எடுத்துப் போட்டார். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள்.

பொருக்குகள் உதிர்ந்து, நட்ட முடிகள் இரண்டு நாள் தாடி போலத் தெளிவாகத் தெரிந்தன. அவர் மறுபடி கடைக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லி பவர் நச்சரித்தார். காட்டியதும், “அண்ணே, நெத்தி ரெண்டு விரல் குறைஞ்சிருச்சு. இனிமே அண்ணிய உங்க பொண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க” என்றார். அவர் அன்று முழுவதும் நிலைக்கண்ணாடியில் தன்னையே களவாகப் பார்த்தபடி இருந்தார். வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் முக்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார். குனிந்துவிட்டால் தன் முறை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

அன்று நுரை ஊறும்போது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சப்போ எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு.”

அவர் தலையைத் தூக்கப் பார்த்தார். அவள் கழுத்தில் கைவைத்து மெதுவாகக் குனிய வைத்தாள்.

“அப்போ நீங்க எப்படி இருப்பீங்க. கடைக்கு வர்ற பொம்பளைங்க எல்லாம், ‘அந்த சாரையே வரச் சொல்லுங்க, அவரு எடுத்துக் குடுத்தாத்தான் முகத்துக்கு எடுபடுது’ம்பாங்க. நான் ஒரு மூலைல நின்னுக்கிட்டுப் பார்ப்பேன். இவரு பக்கத்துல நான் என்ன இருக்கேன்னு இருக்கும். முடி போக ஆரம்பிச்சதும், சரி, இனிமே இவரு எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன். பைத்தியக்காரத்தனம். இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லல.”

கிண்ணத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகத் தலையில் இறங்கியது. அன்று அவள் துண்டால் ஒற்றும்போது அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரத்தின் நடுவில் அவளுடைய உள்ளங்கையில் நுரையோடு முடிகள் வந்தன. நான்கோ ஐந்தோ. அவள் கதையை நடுவில் நிறுத்தினாள். “என்ன?” என்று அவர் கேட்டார். “ஒண்ணுமில்ல, தண்ணி தீர்ந்துருச்சு” என்றாள். மறுநாள் இன்னும் கூடுதலாக வந்தன. விரலைக் காற்றில் நிறுத்தி, நுரையை மட்டும் பட விட்டுப் பார்த்தாள். அப்போதும் வந்தன. அவற்றைத் துண்டின் ஒரு மூலையில் துடைத்து, அந்த மூலையை உள்ளே வைத்துச் சுருட்டி, அவர் பார்க்காத இடத்தில் போட்டாள். நாளைக்கு நின்றுவிடும் என்று நினைத்தாள். யாரைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கு அது தலையணையில் தெரிந்தது. பிறகு துண்டைத் தேடி எடுத்தார். மூலையைப் பிரித்தார்.

அந்த முடிகளை லென்ஸ் துடைக்கும் துணி ஒன்றில் மடித்து மறுநாள் கடைக்கு எடுத்துப் போனார். ஃபிரேமில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பார்க்க அவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. மத்தியானம் கடை ஓய்ந்திருந்தபோது அதை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு முடியாக வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் குண்டூசித் தலை போல ஒரு வெள்ளை முடிச்சு இருந்தது. அவர் கண்ணால் பார்த்ததை நம்பிப் பழகிய மனிதர். இழுத்ததால்தான் வேரோடு வந்திருக்கிறது என்று அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அவள் வேலைக்குப் போடும் மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் துணியைப் பிரித்து மேசையில் வைத்தார்.

“இது எத்தனை நாளா?”

அவள் பார்த்தாள். “மூணு நாளா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பயந்துடுவீங்கன்னு. நின்னுடும்னு நெனச்சேன்.”

“எப்படி நிக்கும்? வேரோட பிடுங்கி வந்திருக்கு. நான் லென்ஸ்ல பாத்தேன்.”

“நான் தேய்க்கலைங்க.”

“அப்ப தானா வந்துச்சா?”

“சத்தியமா தேய்க்கல. அழுத்தித்தான்...”

“துணி தோய்க்கற கையில தலையக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“நீயேதான சொன்ன? முடி போனப்போ சந்தோஷமா இருந்துச்சுன்னு. இப்பவும் அதே சந்தோஷமா?”

அவள் நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவிட்சை அணைத்தாள். பெட்டி சூடு ஆறும்வரை அங்கேயே நின்றாள். ஆறியதும் வயரை ஒழுங்காகச் சுற்றி, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் அவர் போய்த் தட்டியிருப்பார்.

அந்த வாரம் முழுவதும் முடி கொட்டியது. அவரே தலை கழுவிக்கொண்டார். நுரையை வைத்துவிட்டு உடனே தண்ணீர் ஊற்றினார். சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனார்.

விளக்கம் சொல்லும் பெண் அவர் தலையைப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியா போகுது சார்” என்றாள்.

“எது சரியா போகுது? நட்டதுல பாதி காணோம்.”

“கொட்டணும் சார். மூணாவது வாரத்துல இருந்து எல்லாருக்கும் கொட்டும். மேல இருக்கற முடிதான் போகுது. வேர் உள்ளயே இருக்கு. அது கொஞ்ச நாள் தூங்கும். நாலாவது மாசம் தானா முளைக்கும்.”

“அடியில வெள்ளையா முடிச்சு இருந்துச்சே. நான் பாத்தேன்.”

“அது வேரில்ல. தானா உதிர்ற எல்லா முடியிலயும் அது இருக்கும். உங்க சீப்புல வர்றதுலயும் இருக்கும், என் சீப்புல வர்றதுலயும் இருக்கும்.” அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “அன்னைக்கே உக்கார வச்சு சொன்னேனே சார். நீங்க தலையாட்டினீங்களே.”

“கழுவும்போது தேய்ச்சா...”

“பத்து நாளைக்கு அப்புறம் லேசா தேய்ச்சாலும் ஒண்ணும் ஆகாது. யாரு கழுவி விட்டாங்க? ரொம்ப சுத்தமா இருக்கு. ஒரு பொருக்கு கூடத் தங்கல. இப்படி நாங்களே பண்ண மாட்டோம்.”

வெளியே நாற்காலியில் ஒரு டாக்ஸி டிரைவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவருக்கும் தலை அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. கதவு வழியாகப் பேச்சைக் கேட்டிருப்பார் போலும்.

“பயந்துட்டீங்களா சார்? நானும்தான். நான் தலையணை உறையக் குத்தம் சொல்லி, வீட்ல இருந்த உறை எல்லாத்தையும் தூக்கிப் போட்டேன். நீங்க யாரக் குத்தம் சொன்னீங்க?”

அவர் படிக்கட்டு வழியாக இறங்கினார். லிஃப்ட் இருப்பது அப்போது அவர் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து, அவள் சமையலறையில் நிற்கும்போதே எல்லாவற்றையும் சொன்னார். வேர் உள்ளே இருப்பது, முடிச்சு வேரில்லை என்பது, தான் மயக்கத்தில் தலையாட்டியது, அவள் கழுவியதைப் பற்றி அந்தப் பெண் சொன்னது. அவள் கேட்டுக்கொண்டே காய் நறுக்கினாள்.

“அப்ப முடி வரும்.”

“வரும்னு சொன்னாங்க.”

“நல்லது.”

“நான் அன்னைக்கு அப்படி சொன்னது தப்பும்மா. ஆத்திரத்துல என்ன பேசறோம்னே...”

“ஆத்திரத்துல நீங்க புதுசா ஒண்ணும் சொல்லலையே” என்றாள். “நான் சொன்னதத்தான திருப்பிச் சொன்னீங்க.”

குரலில் கோபம் இல்லை. நறுக்கியதை அள்ளிப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, “தட்டு எடுத்து வைங்க” என்றாள்.

அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்ட விதங்கள் பல. காலையில் அவளுக்கு முன்பே எழுந்து காபி போட்டார். சலவை நிலையத்துக்குப் போய் வாசலில் நின்று வீட்டுக்கு அழைத்துவந்தார். மகனிடம் போனில், “உங்கம்மா கை மாதிரி யாருக்கும் வராதுடா” என்று அவள் காதில் விழும்படி சொன்னார். “என்னப்பா திடீர்னு? அம்மா பக்கத்துல இருக்காங்களா?” என்று மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், சமைத்தாள், அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். செய்யாமல் விட்டது எதுவும் இருப்பதாக அவர் சுட்டிக்காட்ட முடியாது.

ஒரு சாயங்காலம் அவர் குளியலறையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார். “ஏம்மா, ஒரு தடவை கழுவி விடறியா? பின்பக்கம் எனக்கு எட்ட மாட்டேங்குது.” எட்டாமல் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் வந்தாள். சட்டைக் கையை மடித்தாள். நுரையை உள்ளங்கையில் எடுத்தாள். அவர் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். தலையில் பாதி முடி போய், பார்க்க முன்னைவிட மோசமாக இருந்தது. அவர் காத்திருந்தார். குழாய் சொட்டுவது கேட்டது. அவள் மூச்சு கேட்டது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள் என்று இருந்தார்.

“வரலைங்க” என்றாள்.

“என்ன வரல?”

“கை.”

அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் கையை நீட்டியபடியே நின்றிருந்தாள். நுரை கரைந்து முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. அவருடைய தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டு, “துண்டு அங்க மாட்டியிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே மாதத்தில் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர், காது மடலில் அழுத்துகிறது என்று தன் கண்ணாடியைச் சரிசெய்துகொள்ளக் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரர் ஃபிரேமைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தபோது வந்தவர் சொன்னார்:

“அக்கா இல்லாம அந்த மேசை மேசையாவே இல்ல சார்.”

“இல்லாமன்னா? தினமும் வேலைக்கு வர்றாளே.”

“வர்றாங்க. கவுன்டர்ல டோக்கன் போடறாங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே, உங்ககிட்ட சொல்லலையா? அன்னைக்கு ஒரு கல்யாண கவுன் வந்துச்சு. அக்கா பஞ்ச கையில எடுத்துக்கிட்டு அது மேல குனிஞ்சு நிக்கறாங்க, நிக்கறாங்க, தொடவே மாட்டேங்கறாங்க. அப்புறம் மேலாளர்கிட்ட போயி, என் கைய நம்பி இனிமே குடுக்காதீங்கன்னுட்டாங்க. எங்களுக்கெல்லாம் திக்குனு இருந்துச்சு.” அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். “எனக்கென்னமோ கண்ணுல கோளாறோன்னு தோணுது சார். நீங்க ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்களேன். சொந்தக் கடை மாதிரிதானே உங்களுக்கு.”

“பாக்கறேன்” என்றார் கண்ணாடிக்காரர். அந்த ஃபிரேமின் இடது கைப்பிடியை அவர் அளவுக்கு மேல் வளைத்துவிட்டிருந்தார். மறுபடி வாங்கிச் சரிசெய்து கொடுத்தார். அந்தக் கடையில் அவர் ஒரு வேலையை இரண்டு தடவை செய்து யாரும் பார்த்ததில்லை என்று பவர் சொன்னார்.

அன்று வீட்டில் அவர் அதைப் பற்றிக் கேட்டார். “கவுன்டர் நல்லாத்தான் இருக்கு. உக்காந்துட்டே வேலை. கால் வலி இல்ல” என்று அவள் சொன்னாள். மேலாளரிடம் தான் வந்து பேசட்டுமா என்று கேட்டார். “என்னன்னு பேசுவீங்க?” என்றாள்.

ஜூன் நடுவில் முடி முளைத்தது. கடையில் ஒரு வாடிக்கையாளருக்குப் பின்னால் நின்றிருந்தபோது நிலைக்கண்ணாடியில் முதலில் பார்த்தார். முன்தலையில் புகை படிந்தது போல ஒரு நிழல். விளக்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். பூனை முடிபோல மெலிதாக, வளைந்து, அங்கங்கே. பவர் ஓடிவந்து தோளில் தட்டினார். கடை முழுவதும் வந்து பார்த்தது. அவரால் அங்கே நிற்க முடியவில்லை. பின்னால் லென்ஸ் வெட்டும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் அழுதார். சிவந்த கண்களோடு அவர் வெளியே வந்தபோது, சந்தோஷத்தில் அழுதிருக்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் தேய்க்கவில்லை என்பதை இனி அவர் தலையில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அவள் வீட்டில் அதைப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு வரச் சொல்லிப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

“நல்லா இருக்கு” என்றாள். “வயசு குறைஞ்சு தெரியுது.”

அவர் உயரத்தைக் குறைத்துக் குனிந்து நின்றார். அவள் தொடவில்லை.

ஜூலையில் அவளுடைய அக்காவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்தாள். மனைவி ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். அவர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“எப்ப வருவ?”

“அக்கா நடக்கட்டும்.”

“ரெண்டு மாசம் ஆகுமா?”

“ஆகலாம்.”

“நான் வேணா அங்க வந்து, ராத்திரி மட்டும்...”

“அங்க இடம் ஏது? ஒரே ரூம்.” அவள் பையின் ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கியது. அவர் வந்து பிடித்துக்கொடுத்தார். இருவரும் சேர்ந்து மூடினார்கள்.

“பேசாமலே போறியே” என்றார்.

“பேசிப் பாத்தேன்லங்க” என்றாள்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனார். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது, எரிவாயு எப்போது தீரும், மகன் கூப்பிட்டால் அக்கா வீட்டு விஷயத்தை எப்படிச் சொல்வது என்றெல்லாம் அவள் சொன்னாள். பேருந்து வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. போனதும் போன் செய்தாள்.

நவம்பர் மாதம் கிளினிக்கில் அவரை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். முன்தலை நிறைந்திருந்தது. நட்டதில் ஏறக்குறைய எல்லாமே பிடித்துக்கொண்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அக்கா செப்டம்பரிலேயே தடியில்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாள். மனைவி இன்னும் அக்கா வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போய்வருகிறாள்.